ஜூனில் முடியாத வேலைகள்: வேலூர்ப் பக்கத்துச் சேவைச் சங்கம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ரோட்டரி சங்கங்களுக்குப் புத்தாண்டு ஜூலை 1. ஜூன் 30 இரவோடு தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் முன்னாள் ஆகிவிடுவார்கள். பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டத்தின் ஆளுநருக்கும் அதே கெடுதான். உலகம் முழுக்க இதுதான் ஏற்பாடு. நாற்காலியில் யாரும் ஒட்டிக்கொள்ள முடியாது என்பது இதில் நன்மை. பன்னிரண்டு மாதத்தில் முடியாத வேலையை யாரும் தொட மாட்டார்கள் என்பது தீமை. நன்மையைப் பற்றிப் பதவியேற்பு விழாக்களில் நிறையக் கேட்டாகிவிட்டது. இந்த ஆய்வு அந்தத் தீமையைப் பற்றியும், ஒரு சங்கம் அதை ஓரளவுக்கு எப்படிச் சமாளித்தது என்பதைப் பற்றியும்.

சங்கம் வேலூர், காட்பாடி வட்டாரத்தில் இருக்கிறது. காலம், 2014-க்குப் பிறகு. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிவதற்கு முன்பு. இதற்கு மேல் விவரம் கொடுத்தால் லாங் பஜாரில் டீ குடித்து முடிப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ரூபாய்க் கணக்கையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் தருகிறேன். அந்த ஆண்டு நான் செயலாளர். மினிட் புத்தகம் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆட்கள்

உறுப்பினர்கள் நாற்பதுக்குச் சற்று மேல். தலைவர், மண்டித் தெருவில் அரிசி மொத்த வியாபாரம். மற்றவர்களில் மருந்து ஏஜென்சி வைத்திருப்பவர், ஆடிட்டர், இரண்டு தனியார் பள்ளித் தாளாளர்கள், எல்.ஐ.சி. அதிகாரி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் சப்ளை செய்பவர், நாலைந்து டாக்டர்கள். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை எதிரே சந்துக்குள் லாட்ஜ் நடத்துபவர் ஒருவர். இவரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

ரோட்டரி பெண்களை உறுப்பினராக்க 1989-இல்தான் விதியைத் திருத்தியது. எங்கள் சங்கத்தில் அந்தத் திருத்தம் முழுசாக வந்து சேர இன்னும் நாளாகும் போலிருந்தது: பெண் உறுப்பினர்கள் ஒரு கை விரலுக்குள். ஆனால் உறுப்பினர்களின் மனைவிமார், எங்கள் பேச்சில் 'ஆன்ஸ்', இல்லாமல் எந்த விழாவும் நடந்ததில்லை. ஓட்டு இல்லாத பெரும்பான்மை.

வாரம் ஒரு மாலை கூட்டம். மணி அடித்துத் தொடக்கம், ரோட்டரியின் நெறிக் கேள்விகளான நான்கு கேள்விச் சோதனையை எழுந்து நின்று சொல்வது, பிறந்தநாள் வாழ்த்து, பேச்சாளர், நன்றியுரை, பிறகு பெல்லோஷிப், அதாவது சாப்பாடு. தாமதமாக வந்தால், பேட்ஜ் மறந்தால், மேடையில் சொந்தக் கடைக்கு விளம்பரம் செய்தால், கூட்ட ஒழுங்கைப் பார்க்கும் சார்ஜன்ட் உண்டியலைக் கொண்டுவந்து நீட்டுவார். லயன்ஸ் சங்கங்களில் இதே வேலைக்கு 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒரு பதவியே உண்டு. சிரித்துக்கொண்டே போடும் அந்தப் பத்து இருபது ரூபாயை யாரும் வசூலாகவே நினைப்பதில்லை. இந்த ஆய்வில் கடைசிவரை கணக்குச் சரியாக நின்றது அந்த உண்டியல்தான்.

வாக்குவாதம்

ஆகஸ்ட் மாத நிர்வாகக் குழுவில் மூன்று தீர்மானங்கள் வந்தன.

தலைவருக்கு இன்னிசை இரவு வேண்டும். "நம்ம வருஷத்துல ஊரு பேசுற மாதிரி ஒண்ணு செய்யணும் சார்" என்றார். மருந்து ஏஜென்சிக்காரருக்கு, ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் வாங்கித்தர வேண்டும். அவர் கடைக்குத் தினமும் வரும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து வந்த எண்ணம். மூன்றாவது, ரோட்டரி மாவட்டத்திலிருந்து வந்த கோரிக்கை: போலியோ நிதிக்கு ஒவ்வொரு சங்கமும் இவ்வளவு தர வேண்டும்.

மூன்றாவதில்தான் சண்டை. ஆடிட்டர் நேராகவே கேட்டார்: "இந்தியாவுல போலியோ போயிடுச்சே சார். 2014-லயே சர்டிபிகேட் குடுத்தாச்சு. நம்ம ஊர்ப் பணம் எதுக்கு ஆப்கானிஸ்தானுக்குப் போகணும்?"

கேள்வி நியாயமானதுதான். அது புரிய, பணம் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரோட்டரி அறக்கட்டளை 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்பவரின் யோசனையில் பிறந்தது. முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட். இன்று அதன் வருடாந்தர நிதிக்கு உறுப்பினர்கள் கொடுப்பது மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருக்கும். அதன் பிறகு ஏறத்தாழ பாதி, கொடுத்த ரோட்டரி மாவட்டத்துக்கே திரும்பி வரும். அதைக் காட்டி அறக்கட்டளையின் உலக நிதியிலிருந்து இணை மானியம் கேட்கலாம். ஆக, வருடாந்தர நிதிக்குக் கொடுப்பது சுற்றிக்கொண்டு நம்மிடமே வர வாய்ப்பிருக்கிறது. போலியோ நிதி அப்படித் திரும்பாது. அதற்குப் பதில் அங்கே வேறொரு பெருக்கல் உண்டு: ரோட்டரியர்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்க்கும், ஆண்டுக்கு 5 கோடி டாலர் வசூல்வரை. பெருகும், ஆனால் காட்பாடிக்கு வராது. ஆடிட்டர் கணக்கில் அது செலவு.

மூத்த டாக்டர் ஒருவர் சீனாவை எடுத்துக்காட்டினார். 2000-இல் போலியோவிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்ற பகுதியில்தான் சீனா இருந்தது. 2011-இல் சிஞ்சியாங்கில் நோய் திரும்ப வந்தது. வைரஸ் வந்தது பாகிஸ்தானிலிருந்து. ஒரு நாட்டில் மிச்சமிருக்கும் வரை எந்த நாட்டுக்கும் விடுதலை தற்காலிகம்தான் என்றார். ஆடிட்டர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்து எழுந்தவர் யாரும் எதிர்பார்க்காத பக்கம் நின்றார். குழந்தையிலேயே போலியோ வந்து இடது காலில் கேலிப்பர் (காலைத் தாங்கும், வார் வைத்துக் கட்டும் பட்டை) போட்டிருப்பவர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். போலியோ நிதிக்காகப் பேசுவார் என்றே எல்லோரும் நினைத்தோம். "ஒழிக்கிறதுக்கு உலகமே இருக்குது. வந்தவங்களுக்கு யாரு இருக்காங்க?" என்றார். "எனக்கு வார் அறுந்துச்சுன்னா தெச்சுக் குடுக்க ஆளு தேடி மூணு ஊரு அலையறேன். நாப்பது அம்பது வயசுல கால் இன்னும் பலவீனமாவுது, வலி வருது. நாங்க இருக்கறதே மறந்துபோச்சு உங்களுக்கு. சர்டிபிகேட் வந்ததும் எங்க கதையும் முடிஞ்சுபோச்சுன்னு நெனைச்சுட்டீங்க."

கூட்டம் அன்று முடிவெடுக்கவில்லை. மினிட்டில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன்.

இந்த ஊருக்கு இதில் என்ன பங்கு

வாக்குவாதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் மூத்த டாக்டர் அதைத்தான் பேச எடுத்துக்கொண்டார். போலியோ ஒழிப்பு எங்கோ வெளிநாட்டில் யோசித்து நம் ஊருக்கு அனுப்பிய திட்டம் என்று உறுப்பினர்களில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

சி.எம்.சி.யின் வைராலஜி துறையில் இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், வாய்வழிச் சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் புத்தகத்தில் சொன்னபடி வேலை செய்வதில்லை என்று 1970-களிலேயே காட்டியவர். குளிர்நாடுகளில் மூன்று தவணையில் கிடைத்த பாதுகாப்பு வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்றில் கிடைக்கவில்லை. இன்னும் கூடுதல் தவணை தேவைப்பட்டது. பிறந்தநாளைக் கணக்கிட்டு ஆண்டு முழுக்க ஒவ்வொரு குழந்தையாகக் கொடுப்பதைவிட, ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சில குறித்த நாட்களில் ஒரே மூச்சில் கொடுத்தால் என்ன என்ற யோசனை வேலூர் நகரில் சோதிக்கப்பட்டது. அதன் முடிவு 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஒரே நேரத்தில் எல்லாக் குழந்தைகளின் குடலிலும் தடுப்பு மருந்தின் வைரஸ் நிறைந்துவிட்டால், காட்டு வைரஸுக்குத் தங்க இடம் இல்லாமல் போகும். 1995 டிசம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய பல்ஸ் போலியோ முகாம்களுக்கு அடியில் இருக்கும் யோசனை இதுதான்.

இன்னொன்று அஞ்சலட்டை. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் நோய்க் கண்காணிப்புக்கு ஒரு ஏற்பாடு வைத்தார்கள். அச்சடித்த, தபால்தலைச் செலவு முன்பே கட்டிய அட்டைகள் அரசு, தனியார் டாக்டர்களிடம் இருக்கும். போலியோ, காலரா, தட்டம்மை என்று குறித்த நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தால் நிரப்பித் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். மாதா மாதம் தொகுத்து, அனுப்பிய டாக்டர்களுக்கே செய்தி மடலாகத் திரும்பி வரும். பிறகு 1998-இல் லான்செட் இதழில் இந்த முறை கட்டுரையாக வந்தது; கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் இதைப் பின்பற்றியது. எங்கள் மூத்த டாக்டர் குடியாத்தம் பக்கம் பிராக்டிஸ் செய்த நாளில் அந்த அட்டைகளை நிரப்பியவர். "பதில் வந்ததாலதான் போட்டோம். பதில் வரலைன்னா ரெண்டாவது மாசமே நிறுத்தியிருப்போம்" என்றார். கண்காணிப்புத் திட்டங்களைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை.

ரோட்டரி பிலிப்பைன்ஸில் சொட்டு மருந்துக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது 1979-இல், போலியோபிளஸ் என்ற உலகளாவிய ஒழிப்புத் திட்டம் 1985-இல். அதற்கு 12 கோடி டாலர் திரட்டுவதாக இலக்கு வைத்து, 1988-க்குள் இரண்டு மடங்குக்கு மேல் திரட்டினார்கள். உலகில் ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்த நோய் அது. பணமும் யோசனையும் வெவ்வேறு இடத்தில் பிறந்து நடுவழியில் சேர்ந்தன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. 1985-இல் தொடங்கிய வேலை ரோட்டரியின் எத்தனையோ உலகத் தலைவர்களின் பதவிக்காலத்தைத் தாண்டி இன்றும் நடக்கிறது. ஒருவருக்கும் 'என் வருஷத்தில் முடித்தேன்' என்று சொல்ல வாய்ப்பு கிடைக்கவில்லை. ஓராண்டுக் கெடுவில் இயங்கும் ஓர் அமைப்பு, தன் வரலாற்றின் மிகப் பெரிய வேலையை அந்தக் கெடுவை மீறித்தான் செய்திருக்கிறது.

கடைசியில் ஆடிட்டரே வழி சொன்னார். எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுவிட்டுப் பிறகு பங்கு கேட்டுச் சண்டை போடாமல், எந்த வசூல் எதற்கு என்று முன்பே கட்டிவிடுவது. சங்கம் அச்சடிக்கும் மலருக்கு வரும் விளம்பரப் பணம் டயாலிசிஸுக்கு. பிரியாணி விற்பனை போலியோவுக்கு. இன்னிசை இரவு பொதுக் கணக்குக்கு. கேலிப்பருக்கு எதையும் ஒதுக்க மிச்சமில்லை என்றபோது சார்ஜன்ட், "உண்டியலை வெச்சுக்குங்க" என்றார். சிரித்துவிட்டு அதையும் தீர்மானமாக எழுதினோம்.

வசூல்

இன்னிசை இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்டபம், இசைக்குழு, ஒலி ஒளி, ஜெனரேட்டர், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, ஷீல்டு, டோனர் பாஸ் வாங்கியவர்களுக்குச் சாப்பாடு. முக்கால் பங்குக்கு மேல் செலவில் கரைந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஏற்கெனவே மலருக்கு விளம்பரம் கொடுத்தவர்கள். பாட்டு நன்றாக இருந்தது. ஊர் இரண்டு நாள் பேசியது. தலைவர் கேட்டது கிடைத்தது.

மலரில் செலவு குறைவு, அச்சுக்கூலி மட்டும். வந்ததில் பெரும்பகுதி மிஞ்சியது. ஆனால் அது யாருடைய பணம்? முழுப்பக்க விளம்பரம் கொடுத்த ஒவ்வொரு கடையையும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். உறுப்பினரிடம் சரக்கு எடுப்பவர், உறுப்பினருக்குச் சரக்குக் கொடுப்பவர், உறுப்பினர் பள்ளிக்குச் சீருடை தைப்பவர், அல்லது வேறொரு சங்கத்தின் நிர்வாகி. கடைசி வகைக்கு அடுத்த மாதம் நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பொருளாளர் அதற்கென்று ஒரு நோட்டே வைத்திருந்தார்: யார் எவ்வளவு கொடுத்தார், அவர் சங்க மலருக்கு நாம் எவ்வளவு. மொய் நோட்டு அல்லாமல் வேறென்ன? மொய்யில் தப்பில்லை. வடக்கே போய்க் கேட்டாலும் தெற்கே போய்க் கேட்டாலும் நம் ஊர்களில் அவசரத் தேவைக்குப் பணம் புரட்டுவது அப்படித்தான். ஆனால் ஊருக்குள் சுற்றுகிற பணத்தை ஊருக்குப் புதிதாக வந்த நன்கொடை என்று ஆண்டறிக்கையில் எழுதும்போது சற்றுக் கூச்சம் வர வேண்டும்.

புதிய பணம் வந்தது பிரியாணியில்.

நாள் குறிப்பதே பாதி வேலை. புரட்டாசியில் கூடாது; ஊரில் பாதி அடுப்பில் கறி ஏறாது. அமாவாசை, கிருத்திகை பார்க்க வேண்டும். தீபாவளி முன்வாரம் யாரும் வெளியே வாங்க மாட்டார்கள். உலகப் போலியோ தினம் அக்டோபர் 24. புரட்டாசி முடிவது அக்டோபர் நடுவில். ஒரு மாதம் கத்தரிக்காயும் கூட்டும் சாப்பிட்ட ஊர், ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை எதற்காகக் காத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாள் குறித்தது ஆன்ஸ் குழு. நிர்வாகக் குழு போலியோ தினத்தன்றே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அது வார நாள் என்பதை எடுத்துச் சொன்னதும் விட்டுக்கொடுத்தது.

ஆம்பூர்ப் பக்கமிருந்து மாஸ்டர் வந்தார். சீரகச் சம்பா, விறகடுப்பு, தாளாளர் ஒருவரின் பள்ளி மைதானம். விடியற்காலை மூன்று மணிக்கு அண்டா ஏறியது. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும். கூப்பன் முன்கூட்டியே விற்றாகிவிட்டதால் வீணாகும் என்ற பயமில்லை. பார்சல் கட்டியது ஆன்ஸ்களும் கல்லூரி ரோட்டராக்ட் (ரோட்டரியின் இளைஞர் பிரிவு) பிள்ளைகளும். பதினொன்றரைக்கெல்லாம் ஸ்கூட்டர்கள் கிளம்பிவிட்டன. கூப்பன் வாங்கியவர்களில் சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் பெரும்பாலோர்: வங்கி ஊழியர்கள், விடுதி மாணவர்கள், பேருந்து நிலையத்துக் கடைக்காரர்கள். லாட்ஜ்காரர் தன் சந்தில் இருக்கும் லாட்ஜ்களில் மட்டுமே ஒரு பெரிய கட்டு விற்றிருந்தார். அங்கே தங்குவது வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பங்கள்.

"எல்லாம் நல்லா இருக்குதாம் சார். ஆலு எங்கேன்னு கேக்குறாங்க" என்றார் சாயந்திரம்.

கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுவார்கள். மாஸ்டர் காதுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

காட்பாடி ஜங்ஷன்

அந்த ஆண்டின் சொட்டு மருந்து முகாம் ஞாயிறு. மாநிலம் முழுக்க 43,000-க்கு மேற்பட்ட மையங்கள் நடக்கும் நாள். அங்கன்வாடி, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை அரசின் கையில் சுத்தமாக ஓடுபவை. தன்னார்வலர்கள் அங்கே போய்ப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. பந்தல், தண்ணீர், சாப்பாடு கொடுப்போம், புகைப்படம் எடுப்போம். ஆள் பற்றாக்குறை வருவது பயணிகளுக்கான மையங்களில். எங்களிடம் கேட்கப்பட்டது காட்பாடி ரயில் நிலையம்.

ஹவுரா, குவாஹாத்தி பக்கத்து ரயில்கள் காட்பாடியில் நின்று போகும். இறங்குபவர்களில் சி.எம்.சி.க்கு வருபவர்கள் அதிகம். கையில் மருத்துவக் கோப்பு, தோளில் பை, இடுப்பில் குழந்தை. முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்த களைப்பு. அவர்களை வழிமறித்து, புரியாத மொழியில், குழந்தையின் வாயைத் திற என்றால் யார் திறப்பார்? இந்தியாவில் கடைசியாகப் பதிவான காட்டு போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-இல் ஹவுரா மாவட்டத்தில் நோய்ப்பட்ட குழந்தை. அதே தடத்து ரயில்தான் இங்கே வந்து நிற்கிறது. அப்படிப் பார்த்தால் இந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் மேசை மற்ற மையங்களைவிடக் கொஞ்சம் முக்கியமானது.

லாட்ஜ்காரரின் மேனேஜர் வங்காளம் சரளமாகப் பேசுவார்; இருபது வருடப் பழக்கம். மேனேஜரும் அவருடைய ரூம் பையன்கள் இருவரும் காலை ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். தாய்மாரிடம் அவர் முதலில் கேட்டது சொட்டு மருந்தைப் பற்றி அல்ல. எந்த டிபார்ட்மென்ட், ரூம் போட்டாச்சா, ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்டான். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை செவிலியர் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு சொட்டு, இடது சுண்டுவிரலில் மை. முகாமுக்குப் பொறுப்பான கிராம சுகாதார செவிலியர் இந்த முறையைப் பார்த்துவிட்டு, மறுநாளும் இவரையே அனுப்பச் சொன்னார்.

அந்த ஞாயிறு வெளிநாட்டு ரோட்டரி சங்கத்திலிருந்து விருந்தினர் இருவர் வந்திருந்தார்கள். இந்திய முகாம்களுக்கு ரோட்டரியர்கள் கடல் தாண்டி வருவது பல ஆண்டாக நடக்கிறது, வட மாநிலங்களுக்கு அதிகம். இதில் என் கருத்து சற்றுக் கறாரானது. சொட்டு மருந்து கொடுக்க அவர்கள் தேவையில்லை. செவிலியர் நிமிடத்துக்கு இரண்டு குழந்தை பார்ப்பார். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் சதுரத்தின் நிறத்தைப் பார்த்து, வெப்பத்தில் கெட்டதா இல்லையா என்று சொல்வதும் அவருக்குத்தான் தெரியும். விருந்தினர் கையில் குப்பியைக் கொடுத்துப் படம் எடுக்க நம் ஆட்கள் துடித்தார்கள். செவிலியர் கொடுக்கவில்லை. விரலில் மை வைக்கும் வேலையைக் கொடுத்தார். நாள் முழுக்க அவர்கள் அதைச் சலிக்காமல் செய்தார்கள், வெயில் ஏறிய பிறகும். மதியம் ஐஸ் பேக் மாற்ற வேண்டியிருந்தபோது அவர்களில் ஒருவர், ஊரில் குளிர்பதனத் தொழில் செய்பவர், பெட்டியை எப்படி அடுக்கினால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும் என்று செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். செவிலியரிடம் விருந்தினர் கற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்குப் போய் அவர் தன் சங்கத்தில் இதைச் சொன்னால் அங்கே வசூல் ஏறும். வந்ததன் பயன் அதில் இருக்கிறது.

குழந்தைகளின் முகத்தைப் படம் எடுத்துச் சங்க வாட்ஸ்ஆப்பில் போடுவது பற்றியும் அன்று முணுமுணுப்பு எழுந்தது. சிகிச்சைக்கு வந்த குழந்தை, பெற்றோர் அனுமதி கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கேமராவை மேசைக்குப் பின்னால் வைப்பது என்று முடிவானது: தன்னார்வலர் முகம் தெரியும், குழந்தையின் முதுகு தெரியும். இதனால் படம் சரியாக விழவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் இன்றும் உண்டு.

மானியம்

டயாலிசிஸ் கதை நீளம்.

ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் வேண்டும். வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டாளியாக வேண்டும். அன்றைய விதிப்படி ஒரு ரோட்டரி மாவட்டம் தன் பங்கிலிருந்து 10,000 டாலர் ஒதுக்கினால் உலக நிதி இன்னொரு 10,000 சேர்க்கும். சங்கம் ரொக்கமாக 10,000 கொடுத்தால் 5,000 சேர்க்கும். பின்னர் விதி மாறி, மாவட்டப் பங்குக்கு 80 விழுக்காடு என்றும் ரொக்கத்துக்கு இணைத்தொகை இல்லை என்றும் ஆகிவிட்டது. எங்கள் மலர்ப் பணம் இந்தக் கணக்கின் ஒரு மூலைக்குத்தான் போதும். மீதிக்குக் கூட்டாளி வேண்டும்.

கூட்டாளி கிடைத்தது தற்செயல் போலத் தெரியும், ஆனால் அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. சொந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போக முடியாத ரோட்டரியர் உலகில் எந்த ஊர்ச் சங்கத்துக்கும் போய் உட்காரலாம். போகும்போது தன் சங்கக் கொடியைக் கொடுத்து அவர்கள் கொடியை வாங்கி வருவது மரபு. எல்.ஐ.சி. அதிகாரி மகனைப் பார்க்க அமெரிக்கா போனபோது இரண்டு வாரம் அந்த ஊர்ச் சங்கத்தில் உட்கார்ந்தார். போகும்போது ஆற்காடு மக்கன் பேடா கொண்டுபோனார். சுங்கத்தில் எப்படித் தாண்டியது என்று நான் கேட்கவில்லை. அந்தச் சங்கத்தில் சிறுநீரக டாக்டர் ஒருவர் இருந்தார். பிறகு மின்னஞ்சல்கள் ஓடின.

அந்த டாக்டர் கேட்ட கேள்விகள் எங்களைத் திணறடித்தன. இயந்திரம் வாங்கிவிடலாம். தண்ணீரை யார் சுத்தப்படுத்துவார்? டயாலிசிஸுக்கு ஆர்.ஓ. நிலையம் வேண்டும்; நம் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு எல்லோரும் அறிந்தது. டெக்னீஷியனுக்குச் சம்பளம் யார் தருவது? நோயாளிக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலைசரும் குழாயும் ஒவ்வொரு தடவையும் செலவு. அதை மூன்றாவது ஆண்டு யார் கட்டுவது? தலைவர் இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்டு வைத்திருந்தார். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. மருத்துவமனை அதில் பதிவு பெற்றுக்கொண்டால் தொடர்செலவுக்கு வழி பிறக்கும் என்று மருந்து ஏஜென்சிக்காரர் கண்டுபிடித்தார். பதிவு கிடைக்கும் வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தோம்.

அதற்குள் ஜூன் வந்துவிட்டது.

தலைவருக்கு வருத்தம். அவர் காலத்தில் தொடங்கியது, அவர் காலத்தில் திறக்கவில்லை. 'முதல் இயந்திரத்தையாவது சொந்தப் பணத்தில் வாங்கி ஜூன் 28 அன்று திறந்துவிடுவோம்' என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். செய்திருந்தால், தண்ணீர் நிலையம் இல்லாமல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஓர் இயந்திரம் மூலையில் நின்றிருக்கும். நம் மாவட்ட மருத்துவமனை வராந்தாக்களில் அப்படி எத்தனை நன்கொடை இயந்திரங்கள் நிற்கின்றன என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் சங்கம் செய்த ஒரு சிறிய விதி எனக்குப் பிடித்தது. மானியக் குழுவில் முன்னாள் தலைவர், இன்னாள் தலைவர், அடுத்த தலைவர் மூவரும் மூன்று ஆண்டு தொடர்ந்து இருப்பார்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து அந்தக் குழுவிடம். ஜூலையில் குழு மாறாது. கல்வெட்டில் தலைவர்கள் பெயர் வராது, இரு சங்கங்களின் பெயரும் ஆண்டும் மட்டும். பெயர் வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. நிறைவேறியது ஒரே ஓட்டு வித்தியாசத்தில்.

பணம் ரோட்டரி அறக்கட்டளையின் இந்தியக் கிளை வழியாக வந்தது. அடுத்தடுத்த தலைவர்கள் காலத்தில் ஆர்.ஓ. நிலையமும் அதன் பிறகு இயந்திரங்களும் வந்தன. திறப்பு விழாவில் மூன்று முன்னாள்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அரிசி மண்டித் தலைவர் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது

இன்னிசை இரவு மறு ஆண்டு நின்றது. அதற்கடுத்த தலைவர் திரும்பக் கொண்டுவந்தார். மலர் நிற்கவில்லை, நோட்டும் நிற்கவில்லை. பிரியாணி, கொரோனா காலத்தைத் தவிர ஒவ்வோர் ஐப்பசியிலும் நடக்கிறது. ஆன்ஸ்களில் மூவர் தங்கள் பெயரிலேயே உறுப்பினர் ஆகி, ஒருவர் பொருளாளரும் ஆனார். அவர் வந்ததும் முதலில் செய்தது பிரியாணிக் கணக்கைத் தனி வங்கிக் கணக்கில் போட்டது.

உண்டியல் பணத்தில் நடந்த கேலிப்பர் முகாம் முதலில் ஒரு தடவை நிகழ்ச்சியாகத்தான் யோசிக்கப்பட்டது: அளவெடுத்துப் புதிது கொடுத்து, மேடையில் படம் எடுத்து முடிப்பது. கேலிப்பர் போட்டிருக்கும் எங்கள் உறுப்பினர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. புதிது கொடுப்பதைவிட இருப்பதைப் பழுது பார்ப்பது முக்கியம் என்றார். இரும்புப் பட்டை தேயாது. அறுவது தோல் வாரும் கழல்வது ரிவெட்டும்தான். ஒரு கால் நீளம் குறைந்தவர்களுக்குச் செருப்பின் அடியை உயர்த்த வேண்டும். தோல் ஊரில் இதற்கா ஆளில்லை? பேரணாம்பட்டிலிருந்து ஷூ வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் தன் தையல் இயந்திரத்தோடு வந்தார். வார் தோலை ராணிப்பேட்டை உறுப்பினர் கொடுத்தார். ஊன்றுகோல் ரப்பர், ரிவெட், பக்கிள் எல்லாம் உண்டியலில் அடங்கியது. மறுவாழ்வு சிகிச்சை தெரிந்த டாக்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு வார் போதும், யாருக்குப் புது அளவு வேண்டும், யாரைப் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தார். வந்தவர்கள் எல்லோரும் நடுவயது தாண்டியவர்கள். திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மேடை போடவில்லை.

அது இப்போது ஆண்டுதோறும் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு நடக்கிறது. பிளாஸ்டிக் கேலிப்பர்கள் எடை குறைவு என்று இளையவர்கள் மாறுகிறார்கள். பழையவர்கள் இரும்பையே கேட்கிறார்கள். ஐம்பது வருடமாக அதில் நடந்த கால், வேறொன்றில் சாய்கிறது. பேரணாம்பட்டுப் பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்கப் பேரன் கூட வருகிறான். பேரனுக்கு ஷூ கம்பெனியில் வேலை, இதைக் கற்றுக்கொள்ள நேரமில்லை. வார் தைக்க அடுத்த ஆளைத் தேடுவது இந்த ஆண்டுக் குழுவின் பட்டியலில் முதலில் இருக்கிறது. ஆம்பூரில் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறார்கள்.